தோண்டுவதை விடத் தாங்குவது பெரிது: சுரங்கப்பாதை உருவாகும் விதம்

2021-இல் பிரிட்டிஷ் டனலிங் சொசைட்டிக்கு ஐம்பது வயது நிறைந்தது. சுரங்கப்பாதை வடிவமைப்பவர்கள், தோண்டுபவர்கள், அந்த வேலைக்கான இயந்திரம் செய்பவர்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டும் என்று 1971-இல் தொடங்கிய சங்கம் அது. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் உள்ள சிவில் பொறியாளர் கழகத்தின் இணைச் சங்கமாக இயங்குகிறது. அதன் முதல் தலைவர் சர் ஹரால்ட் ஹார்டிங், 1920-களில் பிக்காடில்லி சர்க்கஸ் நிலையத்தைப் பூமிக்கடியில் விரிவாக்கிய வேலையில் இருந்தவர். தலைக்கு மேலே லண்டனின் போக்குவரத்து ஓடிக்கொண்டிருக்க, கீழே மண்ணைக் குடைந்து பழகியவர்.

ஒரு பொறியாளர் சங்கத்தின் பொன்விழாவில் நமக்கு என்ன இருக்கிறது என்று தோன்றலாம். நிறைய இருக்கிறது என்பது என் எண்ணம். ஆனால் அது புரிய, முதலில் சுரங்கப்பாதை வேலையின் அடிப்படை ஒன்று புரிய வேண்டும். அதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

கடற்கரையில் ஈர மணலுக்குள் கையை விட்டுக் குடைந்திருப்பீர்கள். குடைவது ஒன்றும் கஷ்டமில்லை. கை உள்ளே இருக்கும் வரை மணலும் அப்படியே நிற்கும். கையை வெளியே இழுத்ததும் சிறிது நேரம் பொந்து நிற்கலாம், அல்லது பொலபொலவென்று உதிரலாம். தண்ணீர் ஊறும் இடமாக இருந்தால் நிற்கவே நிற்காது. கையை எடுத்த மறு நொடி பொந்து மூடிவிடும்.

சுரங்கப்பாதை வேலையின் முழுச் சிக்கலும் இதுதான். மண்ணை வெட்டி எடுப்பது சிறிய வேலை. வெட்டிய இடத்தை, நிரந்தரச் சுவர் வந்து சேரும் வரை தாங்கிப் பிடிப்பதுதான் பெரிய வேலை. வெட்டிய மண் முட்டுக் கொடுக்காமல் எவ்வளவு நேரம் தானாக நிற்கும் என்பது ஒவ்வொரு மண்ணுக்கும் வேறு. நல்ல பாறை வருஷக்கணக்கில் நிற்கும். இறுகிய களிமண் சில மணி நேரம், சில சமயம் சில நாள் கூட நிற்கும். தண்ணீர் ஊறிய மணலுக்கு அந்த நேரம் பூஜ்யம். லண்டனின் பாதாள ரயில் பாதைகள் பெரும்பாலும் தேம்ஸ் ஆற்றுக்கு வடக்கே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வடக்கே ‘லண்டன் களிமண்’ என்று பெயர் பெற்ற இறுகிய களிமண் இருக்கிறது. தெற்கே போகப் போக மணலும் சரளையும் தண்ணீரும்.

ஆற்றுக்கு அடியில் போக வேண்டும் என்றால் என்ன ஆகும்? 10 மீட்டர் ஆழத் தண்ணீர், சதுர மீட்டருக்கு 10 டன் எடையாக அழுத்தும். 1807, 1808 ஆண்டுகளில் ராபர்ட் வேசி, ரிச்சர்ட் ட்ரெவிதிக் என்ற பொறியாளர்கள் தேம்ஸுக்கு அடியில் ஒரு சிறிய வழி குடைந்து பார்த்தார்கள். ஏறக்குறைய மறு கரையை நெருங்கிய நிலையில் ஆறு உள்ளே வந்துவிட்டது. அதற்கப்புறம், ஆற்றுக்கு அடியில் சுரங்கம் நடக்காத காரியம் என்று பலர் முடிவே கட்டிவிட்டார்கள்.

அந்த முடிவை மாற்றியவர் மார்க் இசம்பார்ட் புரூனல் என்ற பொறியாளர். கப்பல் மரத்தைத் துளைக்கும் கப்பல்புழுவைப் பார்த்து அவருக்கு யோசனை வந்தது என்று சொல்லப்படுகிறது. புழு என்று பெயரே தவிர, அது சிப்பி இனத்தைச் சேர்ந்தது. தலைப்பக்கம் உள்ள இரண்டு ஓடுகளால் மரத்தை அரவிக்கொண்டே முன்னேறும். பின்னால் துளையின் சுவரில் சுண்ணாம்பு போன்ற ஒரு பொருளைப் பூசிக்கொண்டே வரும். முன்னே அறுக்கிறது, நடுவில் தன் உடம்பால் தாங்குகிறது, பின்னே சுவர் கட்டுகிறது. இன்றைய பிரம்மாண்ட இயந்திரங்கள் செய்வதும் இந்த மூன்றைத்தான்.

புரூனல் அந்த உடம்பை இரும்பில் செய்தார். 1818-இல் காப்புரிமை வாங்கிய அந்த ஏற்பாட்டுக்குக் ‘கவசம்’ என்று பெயர். தேம்ஸுக்காகச் செய்த கவசத்தில் பக்கம் பக்கமாக 12 சட்டங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று அடுக்கு. ஆக மொத்தம் 36 சிறு அறைகள். அறைக்கு ஓர் ஆள்.

அந்த அறை ஒன்றில் நிற்பவரின் வேலையைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். அவருக்கு எதிரே தெரிவது மண் அல்ல, பலகை. படுக்கைவாட்டில் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கிய சிறு பலகைகள். ஒவ்வொன்றையும் திருகு ஜாக்கிகள் மண்ணோடு அழுத்திப் பிடித்திருக்கும். அவர் ஒரு பலகையின் ஜாக்கிகளைத் தளர்த்தி, அந்த ஒன்றை மட்டும் எடுப்பார். திறந்த அந்தச் சிறு சந்துக்குள் நாலரை அங்குலம், அதாவது சுமார் 11 சென்டிமீட்டர் மண்ணைச் சுரண்டுவார். பலகையைப் புதிய இடத்தில் வைத்து ஜாக்கியை முறுக்குவார். அப்புறம்தான் அடுத்த பலகை. இப்படி ஒரு சட்டத்தின் பலகைகள் எல்லாம் முன்னே போனதும், பின்னால் கட்டி முடித்த செங்கல் சுவரில் முட்டுக் கொடுத்து, பெரிய திருகுகளால் அந்தச் சட்டத்தையே முன்னால் தள்ளுவார்கள். தள்ளிய இடத்தில் உடனே கொத்தனார்கள் செங்கல் வைப்பார்கள்.

கவசம் எதிர்கொண்ட மண் முகப்பு ஏறக்குறைய 80 சதுர மீட்டர். அவ்வளவு பெரிய முகப்பில் எந்த நேரத்திலும் திறந்திருந்தது சில பலகை அளவு இடம்தான். புரூனலின் கண்டுபிடிப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஒரு பெரிய ஆபத்தைக் கையில் பிடிக்கும்படியான சிறு சிறு ஆபத்துகளாகப் பிரித்துக்கொண்டார்.

இருந்தாலும் ஆறு சும்மா விடவில்லை. 1825-இல் தேம்ஸின் தென்கரையில் உள்ள ரோதர்ஹித்தில் வேலை தொடங்கியது. 1827 மே மாதம் ஆறு உள்ளே புகுந்தது. மூழ்கு கூண்டில் இறங்கி ஆற்றின் அடியில் ஓட்டையைக் கண்டுபிடித்து, களிமண் மூட்டைகளைப் போட்டு அடைத்தார்கள். தண்ணீரை இறைத்த பிறகு, மக்களுக்கு நம்பிக்கை வர வேண்டும் என்று, அதே நவம்பரில் சுரங்கத்துக்குள்ளேயே ராணுவ பேண்டு வாத்தியத்தோடு விருந்து வைத்தார்கள். இரண்டு மாதம் கழித்து, 1828 ஜனவரியில், மறுபடி வெள்ளம். ஆறு பேர் இறந்தார்கள். புரூனலின் மகன் இசம்பார்ட் காயத்தோடு தப்பினார். பணமும் தீர்ந்துபோய், கவசத்தை அப்படியே சுவர் வைத்து மூடி ஏழு ஆண்டு வேலை நின்றது. பிறகு புதிய கவசத்தோடு தொடர்ந்து, 1843 மார்ச் 25 அன்று பாதை திறந்தது. நீளம் சுமார் 400 மீட்டர். எடுத்துக்கொண்ட காலம் 18 ஆண்டு. வண்டிகளுக்காகத் திட்டமிட்ட அந்த வழியில் முதலில் மனிதர்கள் நடந்தார்கள், 1869 முதல் ரயில் ஓடியது. வாப்பிங்குக்கும் ரோதர்ஹித்துக்கும் இடையே இன்றும் ஓடுகிறது.

அதே 1869-இல், 24 வயதான பொறியாளர் ஜேம்ஸ் ஹென்றி கிரேட்ஹெட் லண்டன் கோபுரத்தின் அருகே தேம்ஸை இன்னொரு முறை கடந்தார். புரூனலுக்கு 18 ஆண்டு. இவருக்கு ஓராண்டு கூட ஆகவில்லை. பாதை சிறியது, மண்ணும் நல்ல களிமண் என்பது உண்மை. ஆனால் இரண்டு மாற்றங்களும் இருந்தன. கவசம் செவ்வகமாக இல்லாமல் வட்டமாக இருந்தது. வட்டத்தைச் சுற்றிலும் அழுத்தினால் அது இறுகுமே தவிர எளிதில் மடங்காது. செங்கல்லுக்குப் பதில் வார்ப்பிரும்புத் துண்டுகளைச் சேர்த்து வளையமாகப் பூட்டினார்கள். காரை காயும் வரை காத்திருக்க வேண்டாம், பூட்டியதும் தாங்கும். இந்த முறையில்தான் 1890-இல் லண்டனின் முதல் ஆழ்நிலை மின்சார ரயில் பாதை வந்தது. கார்ன்ஹில் தெருவில் கிரேட்ஹெட்டுக்குச் சிலை இருக்கிறது. அதன் பீடம் பாதாள ரயிலுக்கான காற்றுப் போக்கியும் கூட. அவருக்கு இதை விடப் பொருத்தமான பீடம் கிடைத்திருக்காது.

சரி, மண் களிமண்ணாக இல்லாமல் தண்ணீர் ஊறிய சரளையாக இருந்தால்? பலகை மண்ணைப் பிடிக்கும், தண்ணீரைப் பிடிக்காது. 19-ஆம் நூற்றாண்டின் பதில், சுரங்கத்துக்குள்ளேயே காற்றை அழுத்தி நிரப்புவது. உள்ளே காற்றின் அழுத்தம் வெளியே தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமமாக இருந்தால் தண்ணீர் வராது. மண் நின்றது, மனிதர்கள்தான் விழுந்தார்கள். அழுத்தக் காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் ரத்தத்தில் கரைகிறது. சட்டென்று வெளியே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் அது குமிழியாகப் பொங்கும். மூட்டு வலியில் தொடங்கி, பக்கவாதம், சாவு வரை போகும். நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றுச் சுரங்கத்தில் 1889 வாக்கில் பொறுப்பேற்ற பொறியாளர் எர்னஸ்ட் மோயர், பாதிக்கப்பட்டவர்களை மறுபடி அழுத்தத்துக்குள் கொண்டுபோய், மெதுவாக இறக்கி வெளியே விடும் மருத்துவ அறையை ஏற்படுத்தினார். உயிரிழப்பு வெகுவாகக் குறைந்தது. அழுத்தக் காற்றில் வேலை செய்வதற்கான நடைமுறைகள் டனலிங் சொசைட்டியில் இன்றும் ஒரு தனிக் குழுவின் பொறுப்பில் இருக்கின்றன.

அழுத்தம் தேவைப்படுவது மண் முகப்பில். அதற்காக ஏன் சுரங்கம் முழுவதையும், அதிலுள்ள மனிதர்களையும் அழுத்தத்தில் வைக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு நல்ல பதில் கண்டவர்களில் ஒருவர் பிரிட்டிஷ் பொறியாளர் ஜான் பார்ட்லெட். கட்டடங்களுக்கு ஆழமான அடித்தளச் சுவர் எழுப்பும்போது, வெட்டிய பள்ளம் சரியாமல் இருக்க பென்டோனைட் என்ற களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவார்கள். அந்தக் கூழ் பள்ளத்தின் சுவரில் மெல்லிய ஆடைபோல் படிந்து, மண்ணை உள்ளே விழ விடாது. பார்ட்லெட் அதைக் கிடைமட்டத்துக்குக் கொண்டுவந்தார். கவசத்தின் முன்பக்கத்தில் ஒரு தடுப்புச் சுவர். அதற்கும் மண்ணுக்கும் நடுவே அழுத்தத்தில் பென்டோனைட் கூழ். தொழிலாளர்கள் தடுப்புக்குப் பின்னால், சாதாரணக் காற்றில். 1964-இல் காப்புரிமை எடுத்தார். 1972-இல் தென்கிழக்கு லண்டனின் நியூ கிராஸில், தண்ணீர் ஊறிய மணலிலும் சரளையிலும், சோதனைச் சுரங்கம் ஒன்று இந்த முறையில் தோண்டப்பட்டது. சங்கம் பிறந்த மறு வருஷம்! ஐம்பது ஆண்டு விழாவை நினைக்கும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்தப் பொருத்தம்தான். பார்ட்லெட் பின்னாளில் சிவில் பொறியாளர் கழகத்தின் தலைவராகவும் இருந்தார்.

ஏறக்குறைய அதே சமயத்தில் ஜப்பானியர்கள் இன்னொரு வழியைக் கண்டார்கள். 1974-இல் டோக்கியோவில் முதலில் பயன்பட்ட அந்த முறையில், தனியாகக் கூழ் எதுவும் வேண்டாம். வெட்டிய மண்ணையே கவசத்தின் முன் அறையில் நிறைத்து வைத்து, அதையே முட்டாக வைத்துக்கொள்வது. முன்னால் சுழலும் வெட்டுத் தட்டு மண்ணைச் சீவி அறைக்குள் தள்ளும். அறையிலிருந்து ஒரு நீண்ட திருகு, இறைச்சி அரைக்கும் இயந்திரத்தில் இருப்பதுபோல, மண்ணை வெளியே எடுக்கும். இங்கே எல்லாம் அந்தத் திருகின் வேகத்தில் இருக்கிறது. இயந்திரம் முன்னேறும் வேகத்துக்கு மேல் திருகு மண்ணை எடுத்தால், அறையில் அழுத்தம் குறையும். மேலே தரை இறங்கும். குறைவாக எடுத்தால் அழுத்தம் ஏறித் தரை புடைக்கும். ஓட்டுநர் முகப்பை நேரில் பார்க்கவே முடியாது. அழுத்தமானி காட்டும் எண்களை நம்பித்தான் ஓட்டுகிறார்.

இயந்திரம் நகர்வது எப்படி? புரூனல் செங்கல் சுவரில் முட்டுக் கொடுத்தார் அல்லவா, அதே கதைதான். கவசத்தின் வால் பகுதிக்குள், வளைந்த கான்கிரீட் துண்டுகளை அடுக்கி ஒரு வளையம் பூட்டுவார்கள். லண்டனின் எலிசபெத் லைன் ரயில் பாதைக்கு ஏழு துண்டுகளும் கடைசியில் செருகும் ஒரு சிறிய சாவித் துண்டும் சேர்ந்தால் ஒரு வளையம், நீளம் 1.6 மீட்டர். ஹைட்ராலிக் ஜாக்கிகள் அந்த வளையத்தில் காலை ஊன்றி இயந்திரத்தை முன்னே தள்ளும். ஒரு வளைய நீளம் போனதும் நின்று, ஜாக்கிகளை மடக்கி, அடுத்த வளையம். இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். வளையம் கவசத்துக்கு உள்ளே பூட்டப்படுவதால், அது கவசத்தை விடச் சிறியது. ஆகவே இயந்திரம் பின்னால் வரவே முடியாது.

அந்த அளவு வித்தியாசம் இன்னொரு தலைவலியும் கொடுக்கிறது. எலிசபெத் லைன் இயந்திரங்களின் விட்டம் 7.1 மீட்டர். பாதையின் உள் விட்டம் 6.2, கான்கிரீட்டின் கனம் 30 சென்டிமீட்டர், ஆக வளையத்தின் வெளி விட்டம் 6.8 மீட்டர். கவசம் நகர்ந்ததும் வளையத்தைச் சுற்றி 15 சென்டிமீட்டர் வெற்றிடம் மிச்சம். ஈர மணலில் கையை உருவியபோது பார்த்த அதே நிலைமை. கவசத்தின் வாலிலிருந்தே சிமென்ட் கலவையைப் பாய்ச்சி, இயந்திரம் நகர நகர அந்த வெற்றிடத்தை அடைத்துக்கொண்டே போக வேண்டும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 7.1 மீட்டர் வட்டத்தின் பரப்பு சுமார் 40 சதுர மீட்டர். ஒரு மீட்டர் முன்னேறினால் 40 கன மீட்டர் மண் வர வேண்டும். முட்டில் ஏதோ தளர்வு, நூற்றுக்கு ஒன்று கூடுதலாக வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.4 கன மீட்டர். ஒரு தள்ளுவண்டியில் ஏழெட்டு நடை மண், அவ்வளவுதான். சுரங்கம் 20 மீட்டர் ஆழத்தில் இருந்தால், அது மேலே தரையில் அகலமான ஒரு தொட்டில் பள்ளமாகப் பரவும். நடுவில் ஒன்றரை சென்டிமீட்டர் போல இறங்கும். திறந்த புல்வெளியில் யாருக்கும் தெரியாது. இருநூறு வருஷத்துக் கட்டடத்தின் கீழே என்றால் சுவரில் விரிசல் வரலாம். அதனால்தான் பெருநகரங்களில் இயந்திரத்துக்கு மேலே கட்டடங்களின் சுவர்களில் அளவீட்டுக் கருவிகளைப் பொருத்தி, மில்லிமீட்டர் கணக்கில் இரவும் பகலும் கவனிக்கிறார்கள்.

சுரங்க வேலை பற்றிய செய்திகளில் நாம் பார்ப்பது பெரும்பாலும் கடைசி நிமிடத்தை: இயந்திரம் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது, எல்லோரும் கைதட்டுகிறார்கள். 1990 டிசம்பர் 1 அன்று ஆங்கிலக் கால்வாயின் அடியில் பிரிட்டன் பக்கத்து கிரஹாம் ஃபேக்கும் பிரான்ஸ் பக்கத்து பிலிப் கோசெட்டும் கை குலுக்கிய படம் உலகம் முழுக்கப் போனது. இரு கரைகளிலிருந்தும் கிளம்பிய பாதைகள் சந்தித்தபோது வித்தியாசம் பக்கவாட்டில் 358 மில்லிமீட்டர், செங்குத்தில் 58 மில்லிமீட்டர். கைதட்ட வேண்டிய நேரம்தான், சந்தேகமில்லை. சுரங்கத் தொழிலாளர்களின் காவல் புனிதை பார்பராவின் சிலையைச் சுரங்க வாயிலில் வைப்பதும், டிசம்பர் 4-ஐ அவள் நாளாகக் கொண்டாடுவதும் எதற்கு என்றும் அப்போது புரியும். ஆனால் எதுவுமே நடக்காமல் கடந்துபோன நூற்றுக்கணக்கான இரவுகள்தான் உண்மையான வெற்றி. அவற்றை யாரும் படம் எடுப்பதில்லை.

எல்லா இரவும் அப்படி அமைவதில்லை. 1994 அக்டோபர் 21 அன்று லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் அடியில், ரயில் பாதைக்காகத் தோண்டிக்கொண்டிருந்த சுரங்கங்கள் இடிந்தன. அங்கே கவச இயந்திரம் இல்லை. மண்ணை வெட்டியதும் சுவரில் கான்கிரீட்டைத் தெளித்து, அதையே தாங்கவைக்கும் முறை. அந்த முறை நல்ல முறைதான், உலகமெங்கும் பயன்படுகிறது. அங்கே தவறியது, சுரங்கத்தின் அடிப்பக்க வளைவு சரியாகக் கட்டப்படாதது. தரை நகர்வதை அளவீடுகள் முன்பே காட்டியிருந்தும், அந்த எச்சரிக்கை உரிய நேரத்தில் காதில் விழவில்லை. மேலே கட்டடங்கள் சரிந்தன. யாரும் சாகவில்லை.

ஒரு தொழில்முறைச் சங்கம் எதற்கு என்ற கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. மண் பற்றிய அறிவின் பெரும் பகுதி, வேலை செய்தவர்களின் அனுபவத்தில் இருக்கிறது. ஒரு திட்டம் முடிந்ததும் அந்தக் குழு கலைந்துவிடும். என்ன தவறியது, எப்படிச் சமாளித்தோம் என்று அவர்கள் வந்து மற்றவர்கள் முன் சொல்லாவிட்டால், அடுத்த குழு அதே பாடத்தை அதே விலை கொடுத்துத்தான் கற்க வேண்டும். டனலிங் சொசைட்டியின் கூட்டங்களில் ஐம்பது ஆண்டுக்கும் மேலாக நடப்பது இந்தச் சொல்லலும் கேட்டலும்தான். அதிலிருந்து பிறந்ததுதான் சுரங்க வேலைகளுக்கான அவர்களுடைய தர விவரத் தொகுப்பு. 2003-இல் பிரிட்டிஷ் காப்பீட்டு நிறுவனங்களின் சங்கத்தோடு சேர்ந்து, சுரங்க வேலையின் ஆபத்துகளைத் தொடக்கத்திலிருந்தே பட்டியலிட்டுக் கையாள்வதற்கான நடத்தை விதிகளையும் வெளியிட்டார்கள். சுரங்க விபத்துகளால் காப்பீட்டாளர்களுக்கு நஷ்டம் குவிந்து, இந்த வேலைகளுக்குக் காப்பீடே தர வேண்டுமா என்று அவர்கள் யோசித்த காலம் அது. அந்த விதிகளைத் தழுவிய சர்வதேசப் பதிப்பும் பிறகு வந்தது.

முதல் தலைவரின் பெயரில் ஹார்டிங் பரிசு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். இளம் பொறியாளர்கள் தாங்கள் வேலை பார்த்த சுரங்கத்தைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். இறுதிச் சுற்றுக்கு வந்தவர்கள், பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று அதைச் சொல்ல வேண்டும். என்ன மண், எவ்வளவு தண்ணீர், எதை வைத்துத் தாங்கினோம் என்று.